டெல்பினின் இரண்டாவது பாய்லர்

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் டெல்பின் முதலில் பார்ப்பது பல்லைத்தான். தான் செய்ததா என்று ஒரு கணம் பார்ப்பாள். தான் செய்ததாக இருந்தால், ஈறோடு ஒட்டி நிற்கிறதா என்று இன்னொரு கணம். அதற்குள் சிரித்தவர் பேருந்தேறிப் போயிருப்பார்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவள் தொழில். காரைக்கால் டவுனில் உள்ள மூன்று பல் மருத்துவமனைகளிலிருந்து வாய் அளவெடுத்த அச்சுகள் அவள் வீட்டுக்கு வரும். அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி வாயின் வடிவத்தை எடுப்பாள். மெழுகில் பல்லைச் செதுக்குவாள், உலோகத்தில் வார்ப்பாள், தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். போட்டுக்கொள்கிறவர்களுக்கு டாக்டரின் பெயர்தான் தெரியும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அலுப்பு இருந்தது. கழுத்தில் தொடங்கி வலது தோள் வழியாகப் பெருவிரல் வரை இறங்குகிற அலுப்பு.

வீட்டின் பின்னறைதான் லேப். நீள மேசையின் இடது பக்கம் பற்கள். வலது பக்கம் ஒரு நீராவி இன்ஜின், முழங்கை நீளம், இன்னும் ஓடாதது.

கொரோனா வந்து மருத்துவமனைகள் பூட்டிக் கிடந்த மாதங்களில் ஒரு பல்கூட வரவில்லை. கை சும்மா இருந்து அவளுக்குப் பழக்கம் கிடையாது. அப்போது கைபேசியில் யாரோ ஓர் ஆள் மேசைமேல் வைத்து ஓட்டிய குட்டி இன்ஜினைப் பார்த்தாள். சிலிண்டர் அவள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். இதை வார்ப்பது ஒரு கடைவாய்ப் பல்லை வார்ப்பதைவிடச் சுலபம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வந்த வினை அதுதான்.

சிலிண்டர் சுலபமாகத்தான் வந்தது. திருவேட்டக்குடியில் உடைந்து கிடந்த விசைப்படகுச் சுழல்விசிறியின் இறக்கைத் துண்டொன்றை வாங்கி உருக்கி, பல் வார்க்கிற அதே சுழல் இயந்திரத்தில் ஊற்றினாள். பிஸ்டன், தண்டு, நீராவியை மாற்றிவிடும் வால்வு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பழைய தையல் மெஷின் சக்கரத்தைக் கடைந்து சுழல்சக்கரமாக்கினாள். கடைவதற்கென்றே கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன லேத் வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது. மருத்துவமனைகள் திறந்தன, பற்கள் திரும்பி வந்தன, முன்னைவிட அதிகமாகவே. இன்ஜினுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மிஞ்சியது. இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. மகள் சலோமி பள்ளி முடித்துப் புதுச்சேரிக்குப் படிக்கப் போய்விட்டாள். டெல்பினுக்குக் கண்ணாடி இரண்டு முறை மாறியது.

இப்போது ஆசை என்று எதுவும் மிச்சமில்லை. முடிந்தால் போதும் என்றிருந்தது. பாய்லர் ஒன்றுதான் பாக்கி. மூன்று அங்குலச் செப்புக் குழாயை ஒரு சாண் நீளம் வெட்டி, இரு முனையிலும் செப்புத் தகடு வைத்து, வெள்ளி கலந்த ராடை, அதாவது பற்றுக்கம்பியை, உருக்கிப் பற்றவைக்க வேண்டும். முதல் பாய்லர் போன வருடம் தகட்டோரம் கசிந்தது. அதைச் சரிசெய்யப் போய்ச் சூடு அதிகமாகிக் குழாயே கோணிப்போனது. இரண்டாவதற்கு ஏழு மாதம். தகடுகளை இன்னும் நேர்த்தியாக இழைத்தாள்.

"இதுவும் ஒழுகுனா மூணாவது கெடையாதுங்க. லேத்தோட சேத்து எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்று கணவனிடம் சொல்லியிருந்தாள். அவள் அப்படிச் சொன்னால் செய்துவிடுகிறவள்.

அடைக்கலராஜ் மின்துறையில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். நாளெல்லாம் வீடு வீடாக நடந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவார். "கொம்யூன் பஞ்சாயத்து பூரா எல்லா வீட்டு மீட்டரும் ஓடுது டெல்பி. நம்ம வீட்டு இன்ஜின்தான் ஓட மாட்டேங்குது" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் சோதனை. ஏ.சி., ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அஸ்கர் தன் அழுத்தமானியோடு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். செப்புக் குழாயைப் பழைய குளிர்சாதனத்திலிருந்து அறுத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"அக்கா, என் கேஸ் சிலிண்டர்ல நைட்ரஜன் இருக்கு. அடிச்சுப் பாத்துடுவமா? அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்."

"வீடும் முடிஞ்சிரும். காத்த அடைச்சு வெடிச்சா ஓடு பறக்கும் தம்பி. தண்ணின்னா ஒழுகும், அவ்வளவுதான். தண்ணியே போதும்."

ஓட்டுவதற்கு நாற்பது பவுண்டு அழுத்தம் வேண்டும். அதனால் சோதனை எண்பதில். பாய்லர் நிறையத் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பை இணைத்தாள். முள் பத்துக்கு வந்தது, இருபதுக்கு வந்தது. இருபத்தைந்தில் வலது தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக.

அடைக்கலராஜ் துணியெடுத்து மேசையைத் துடைத்தார். டெல்பின் பம்பிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

அஸ்கர் பாய்லரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். நகத்தால் தகட்டோரத்தைச் சுரண்டினான். மறு முனையைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் ஒழுகலையேக்கா?"

"அந்தப் பக்கத்தப் பாக்காத. தகடு கொஞ்சம் லூசா போச்சு. சரியா அமையல. ராடு போட்டு ஒப்பேத்துனேன்."

"ஒழுகுற பக்கம்?"

"அது கரெக்டா ஒக்காந்துச்சு. கட்டையால தட்டித்தான் உள்ள எறக்குனேன். முடி நுழையாது."

அஸ்கர் அவளையே பார்த்தான். "முடி நுழையலன்னா ராடு எப்படிக்கா நுழையும்?"

"என்னாது?"

"உருகுன வெள்ளி ரெண்டுக்கும் நடுவுல ஓடணும்ல? நாங்க குழாய்க்குள்ள குழாய் சொருகும்போது ஆட்டுனா ஆடணும். தாள் கனமாவது எடம் வேணும். நீங்க எடமே விடல. வெளிய சுத்தி ஒட்டிக்கிட்டு நிக்கிது, உள்ள போவவே இல்ல."

டெல்பின் பாய்லரை வாங்கி ஓரத்தை விரலால் தடவினாள். பல்லின் மேல் உறையாகப் போடும் கேப் உட்காரும்போது விளிம்பில் மயிரிழை இடம் இருந்தால் எச்சில் போகும், சொத்தை விழும், டாக்டர் திருப்பி அனுப்புவார். இருபத்திரண்டு வருடமாக அவள் விரல்கள் அந்த மயிரிழையைத்தான் தேடித் தேடி ஒழித்திருக்கின்றன. முதல் பாய்லர் கசிந்தபோது இடைவெளிதான் காரணம் என்று முடிவு கட்டினாள். அதனால் இரண்டாவதை இன்னும் இறுக்கினாள். ஏழு மாதம் உட்கார்ந்து, வெள்ளி போகவேண்டிய வழியை அவளே அடைத்திருக்கிறாள்.

"சரியா செஞ்ச பக்கம் ஒழுகுது, தப்பா செஞ்ச பக்கம் கப்புனு நிக்குது. சொல்லிக்க வேணாம் வெளிய" என்றார் அடைக்கலராஜ்.

"நீங்க சும்மா இருங்க."

தகட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி வைக்கலாம். ஆனால் செம்பு சூட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நொடியில் கடத்திவிடும். கெட்ட பக்கத்தைச் சூடாக்கினால் நல்ல பக்கமும் இளகிவிடும், அதற்குப் பிறகு எதுவும் தேறாது. அஸ்கர் யோசித்தான். பெயிண்ட் வாளியில் ஈர மணலை நிரப்பி, நல்ல முனையை அதில் புதைத்து நிறுத்தலாம். ஆனால் மணல் சூட்டை உறிஞ்சும். அவள் பல் வேலைக்கு வைத்திருக்கும் சின்னத் தீக்குழல் போதாது. அவனுடைய பெரியதும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில்.

"நாளைக்கு வர்றேன். நீங்க பூசைக்குப் போயிட்டு வாங்க" என்று கிளம்பினான்.

அவன் போனதும் கைபேசி அடித்தது. டவுனிலிருந்து முத்தமிழ் டாக்டர். "டெல்பின், அந்தக் கல்யாணப் பொண்ணு முன்பல்லு திங்கள் காலையில எனக்கு வேணும்மா. கைவிட்டுடாதீங்க."

"தர்றேன் டாக்டர்."

விளக்கு வைத்த பிறகு அந்தப் பல்லோடு உட்கார்ந்தாள். விளிம்பில் இடைவெளி இல்லாமல் வந்தது. வழக்கம்போலத்தான் வந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு அஸ்கர் பெரிய தீக்குழலோடு வந்தான். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினார்கள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றாமலே அடைக்கலராஜ் தண்ணீர்ச் செம்போடு வாளி அருகே உட்கார்ந்தார். மணல் காய்ந்தால் ஊற்றுவது அவர் வேலை. சூடேற்றி, கம்பிக் கொக்கியால் இழுத்ததும் தகடு வந்துவிட்டது. நல்ல முனை அசையவில்லை.

தகட்டை அமிலத்தில் கழுவி, டெல்பின் அரத்தை எடுத்தாள். சுற்றிலும் தேய்த்தாள். வைத்துப் பார்த்தாள். "போதும்."

அஸ்கர் ஒரு தாளைக் கிழித்து ஓரத்தில் செருகினான். போகவில்லை. "இன்னுங்கா."

தேய்த்தாள். "இப்ப போதும்."

"எங்க போதும்? இன்னும்."

அவள் கை நின்றது. அரம் பிடித்த விரல்கள் அதற்குமேல் போக மறுத்தன. உள்ளே எதுவோ கூசியது. கெட்ட வேலையைத் தெரிந்தே செய்வது அவளுக்கு வராது. அரத்தை அஸ்கரிடம் நீட்டினாள்.

"நான் தேய்ச்சா ஒங்களுக்கு ஆகாது. அப்புறம் கசிஞ்சா என்னயச் சொல்வீங்க. நீங்களே தேயிங்க" என்றான் அவன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். அப்படியே தேய்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. தாள் உள்ளே போய் வெளியே வந்தது. தகடு குழாய்க்குள் லொடலொடவென்று ஆடியது. அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெங்காரத்தைக் குழைத்துத் தடவிப் பற்றவைத்தார்கள். அஸ்கரின் தீ குழாயின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்தது. அவள் தீ விளிம்பைப் பிடித்துக்கொண்டது. செம்பு கறுத்து, பின் மெல்லச் சிவந்தது. மணல் புசுபுசுவென்று ஆவி விட்டது. அடைக்கலராஜ் ஊற்றினார்.

"அண்ணே, மணல்ல ஊத்துங்க. தீயில ஊத்தாதீங்க."

"தெரியும்பா. வேர்வை கண்ணுல எறங்குது."

"இப்பக்கா. ராடு."

அவள் ராடின் நுனியை விளிம்பில் தொட்டாள். நுனி பளிச்சென்று உருகியது. போன தடவைபோல மேலே குமிழாகத் திரண்டு நிற்கவில்லை. கண்ணெதிரே இடுக்குக்குள் இறங்கிக் காணாமல் போனது. இன்னும் கொடுத்தாள், அதையும் குடித்தது. தீயைச் சுற்றிக் கொண்டுபோகப் போக வெள்ளியும் பின்னாலேயே வந்தது, ஒரு முழுச் சுற்று.

"விடுங்க, விடுங்க. போதும்."

ஆறவைத்துக் கழுவிப் பார்த்தபோது ஓரம் அகலமாக, வெள்ளை வெளேரென்று, சில இடங்களில் வழிந்து நின்றது. ஒரு கேப் இப்படி வந்திருந்தால் அவள் டாக்டரின் கண்ணில் காட்டியிருக்க மாட்டாள்.

பம்பை இணைத்தாள். இருபத்தைந்து தாண்டியது. நாற்பதில் மூவரும் குனிந்தார்கள். அறுபதில் அடைக்கலராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். எண்பது. பம்புக் குழாயை அடைத்தாள்.

"இருவது நிமிசம். முள்ளப் பாருங்க. என்னால நிக்க முடியல" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தாள்.

அவர்கள் இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். அவள் தகட்டைப் பார்த்தாள். அஸ்கர் உலர்ந்த துணியால் ஓரத்தைச் சுற்றி ஒற்றி, துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஈரமில்லை. பதினைந்தாவது நிமிடத்திலும் இல்லை. இருபதாவது நிமிடத்தில் முள் எண்பதிலேயே நின்றது.

"நிக்கிதுக்கா" என்றான் அஸ்கர்.

"ம்" என்றாள். கத்தவோ அழவோ செய்யலாம் என்று தோன்றியது. இரண்டுக்கும் எழுந்திருக்க வேண்டும்.

"அடுத்த ஞாயிறு ஓட்டுவோம்" என்றாள்.

"அடுத்த ஞாயிறா! அஞ்சு வருசம் பத்தலையா? நாங்க இன்னைக்குப் பாக்காம சோறு திங்க மாட்டோம்" என்றார் அடைக்கலராஜ்.

பாய்லரில் முக்கால் தண்ணீரை மட்டும் விட்டு, இன்ஜினோடு இணைத்து, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். பதினான்கு நிமிடத்தில் அழுத்தம் நாற்பதைத் தொட்டது. வால்வைத் திறந்ததும் சிலிண்டர் இருமியது, எண்ணெயும் வெந்நீருமாகத் துப்பியது. முழுவதும் அடைக்கலராஜின் வெள்ளைச் சட்டையில்.

"ஏய்!"

சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினாள். நின்றது. இன்னொரு தள்ளு. பிடித்துக்கொண்டது. தக் தக் என்று தயங்கி, பிறகு தயக்கம் போய், தையல் மெஷின் சக்கரம் ஆரங்கள் தெரியாமல் சுழன்றது. தண்டின் கழுத்தில் கொஞ்சம் ஆவி கசிந்தது. அது இறுக்கினால் சரியாகும். அஸ்கர் கைபேசியில் படம் பிடித்தான். அடைக்கலராஜ் சட்டையை மறந்து, சக்கரத்தின் காற்றில் விரலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு நிமிடம் ஓடியது. ஸ்பிரிட் தீர்ந்தது. சக்கரம் மெதுவாகி, ஒரு முறை பின்வாங்கி, நின்றது.

டெல்பின் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கால் இரண்டும் கனத்துக் கிடந்தன. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஜன்னலைத் திறந்தார்கள். காற்று வந்தது. செம்பும் குவளையும் உரசும் சத்தம் கேட்டது.

"மறுபடி ஓட்டுவமாண்ணே?" இது அஸ்கர், குரலைத் தாழ்த்தி.

"அவ தூங்குறா. சத்தம் போடாத. தண்ணி எதுல ஊத்துறது, இந்த மேல் ஓட்டையிலயா?"

"அது வால்வுண்ணே. பக்கத்துல உள்ளது."

"ரொப்பிடுவமா?"

"முக்கால்தான் ஊத்தணும்" என்றாள் டெல்பின், கண்ணைத் திறக்காமல். "மொதல்ல ஆறட்டும்."

அவர்கள் சத்தமில்லாமல் குவளையைக் கீழே வைத்தார்கள்.