பத்தைக்காட்டின் விலை

றிப்னாவைப் பாலாவியில் எல்லோரும் கனவுக்காரி என்றுதான் சொல்வார்கள். விடியற்காலையில் உப்பள வரம்பில் நடப்பாள். பாத்தி நீரில் அவர்களது குடியிருப்பின் முப்பத்தெட்டு வீடுகளும் தலைகீழாய் மிதக்கும். அதையே பார்த்து நின்று எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள்! அப்படிப்பட்டவள் கொழும்பில் நாலு வருடம் காணி முகாமைத்துவமும் மதிப்பீடும் படித்துப் பட்டத்தோடு வந்தால் ஊர் சும்மா விடுமா?

"கெம்பஸ் போய்ப் புரோக்கர் வேலையா புள்ள படிச்ச?" என்று கடையடியில் ஒரே கிண்டல்.

கிண்டல் ஒரு கடிதத்தோடு நின்றது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு, "இருங்க" என்று முள்ளும் புதருமாய்க் கிடந்த தன் பத்தைக்காட்டைக் காட்டியவர் இஸ்ஸதீன் ஹாஜியார். காணி உறுதி எழுதித் தரவில்லை, ஊர் திரும்பிவிடுவோம் என்று இவர்களும் கேட்கவில்லை. ஹாஜியார் மௌத்தான பிறகு, கத்தாரிலிருந்து வந்த மகன் ஸியாத், காணியை விற்கப் போவதாக லோயர் மூலம் எழுதிவிட்டான். முப்பத்தெட்டு வீடும் பயந்துபோய் றிப்னாவிடம் ஓடிவந்தது.

றிப்னா பயப்படவில்லை. படித்தவளல்லவா! ஒரு வாரம் நாடாவோடு அலைந்தாள். அளக்க அளக்க அந்த ஒழுங்கைகள் அவளுக்கு வேறு ஏதோ தேசம் போலத் தெரிந்தன. ஒவ்வொரு வேலியும் ஒரு கல்யாணத்துக்காக நகர்ந்திருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கதை இருந்தது. பத்து வருடத்துக்கு மேலாகத் எங்கள் காணியாகவே ஆண்டுவந்தோம் என்று காட்டினால் போதும், உரிமை கேட்கலாம் என்று அவள் நம்பியிருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய உம்மா ஸுலைஹா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பெருநாளைக்கு ஹாஜியார் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுபோகணும் மகள். ஒரு வருஷமும் விட்டதில்ல, எல்லா வீட்டாலயும்தான்."

றிப்னாவின் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. கெட்டது குடி! வருடா வருடம் காணிக்காரருக்கு நன்றிப் பண்டம் கொடுத்தால், அவர் தயவில்தான் இருந்தோம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரியல்லவா?

"உம்மா, ஸியாத் நானா கேட்டா அதச் சொல்லிராதீங்க. அல்லாஹ்வுக்காக."

உம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்துக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். ஸியாத் உம்மாவிடம் நேரே கேட்டான்: "சாச்சி, எங்கட வாப்பாவுக்கு நீங்க காணிக்காக ஏதும் குடுத்து வந்தீங்களா?"

"ஓம் மகன். பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம். அவர் தந்த மண்ணுலதானே இருந்தம்?"

றிப்னாவுக்கு உலகமே தூரப் போய்விட்டது. காற்று வீசுவது மட்டும் கேட்டது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெற்ற தாயே தலையில் கல்லைப் போட்டுவிட்டாரே!

ஸியாத் கையிலிருந்த லோயரின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நீங்க பொய்தான் சொல்லுவீங்கன்னு லோயர் சொன்னாரு," என்றான். "எனக்கு வித்துத்தான் ஆகணும் சாச்சி. உங்களுக்கே விக்கிறன், தவணையில குடுங்க. விலைய உங்கட மகள் போடட்டும்."

அன்றிலிருந்து றிப்னா நடந்தபடியே கனவு கண்டாள். கண்ணை மூடினால் வீடுகள் ஒவ்வொன்றாய்க் கரைந்து மறைந்தன. கிணறு, தென்னை, ஒழுங்கை எல்லாம் போயின. மிஞ்சியது முள்ளும் மணலும் காற்றும். அதைத்தான் அவள் மதிப்பிட்டாள்.

"தங்கச்சி, இது பத்தைக்காட்டு விலை!" என்றான் ஸியாத்.

"ஓம் நானா. உங்கட வாப்பா தந்தது அதத்தான். மத்ததெல்லாம் இவங்கட வேர்வை. அதுக்கு இவங்களே எப்படிக் காசு குடுக்கிறது?"

ஸியாத் விலைத்தாளைத் திரும்பத் திரும்பப் படித்தான். தலையைச் சொறிந்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

கடைசித் தவணையும் கட்டி உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு வீட்டிலிருந்து றிப்னா ஓட்டமும் நடையுமாக வந்து உம்மாவின் மடியில் தாளை வைத்தாள். "உங்கட பேர்ல, உம்மா! இனி ஒருத்தரும் நம்மள இங்கிருந்து எழுப்ப ஏலாது."

உம்மா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். திடீரென்று சின்னப்பிள்ளை மாதிரி விம்மத் தொடங்கினார்.

"அப்ப மகள், நாம இனி மன்னாருக்குப் போகவே மாட்டமா?"