புதன்கிழமை அறுத்த கயிறு

என் தம்பி குடிக்காமல் இருந்த நாற்பத்தோராவது நாள், அவன் மூளையைப் படம் எடுக்க அழைத்துப் போனேன். அவன் கேட்கவில்லை. நான்தான் நச்சரித்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் குடிநோய் ஆராய்ச்சி நடப்பதாக என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் சொன்னாள். குடிக்கிறவரும், கூடப்பிறந்து குடிக்காதவரும் ஜோடியாக வேண்டுமாம். எதைப் பார்த்தால் மூளையின் எந்த இடம் துடிக்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்து மரபணுவில் என்ன வந்திருக்கிறது என்று தேடுவார்கள். கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா குடித்தார். அவருடைய அப்பாவும் குடித்தார் என்பார்கள். தம்பி குடித்தான். அம்மா தன் வளர்ப்பைப் பழித்துக்கொண்டே கண்ணை மூடினாள். தம்பி மனைவி தன் ராசியைப் பழித்துக்கொண்டிருந்தாள். 'இது ரத்தத்தில் வருவது' என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், இத்தனை வருஷப் பழியையும் எங்காவது இறக்கி வைத்துவிடலாம். அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தாளுக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

அவன் மினிபஸ் டிரைவர். குடித்துவிட்டு ஒருநாள் வண்டியை வாய்க்கால் சுவரில் சாய்த்ததும் சாவி கைவிட்டுப் போனது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்கு, அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு நிபந்தனையில்தான் திரும்பி வந்தாள். சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம் ஒரு சுடலை கோவிலில் குடியை விடக் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு முறை குடித்தால் அவள் போய்விடுவாள், திரும்ப மாட்டாள்.

கறுப்புக் கயிறு, நடுவே சுருட்டிய செம்புத் தகடு. அது கையில் இருக்கும்வரை குடியைத் தொடுவதில்லை என்று சத்தியம். தானாக இற்று விழுந்தால் சாமி போதும் என்றதாக அர்த்தம். மனிதக் கை பட்டு அறுந்தால் சத்தியமும் அதோடு போயிற்று. கட்டிய அன்று நானும் கூட நின்றேன். தம்பி பூசாரியிடம் வம்புக்கு நின்றான்.

"இவருக்குப் படையல்ல குவாட்டர் வைக்காவ. அவரு குடிக்கலாம், நான் குடிக்கக் கூடாதாக்கும். என்ன நியாயம் வே?"

"அவரு சாமி. நீரு டிரைவரு," என்றார் பூசாரி. முடிச்சை இறுக்கினார்.

மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஒவ்வொரு தாளையும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாள். எப்போது வேண்டுமானாலும் வேண்டாமென்று எழுந்து போகலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். ரிசல்ட் எப்போது கையில் கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஆளாளுக்குத் தனியா குடுக்க மாட்டோம்மா. இந்த ஒரு ஜீன்தான் காரணம்னு எதுவும் கெடையாது. ஏகப்பட்டது இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளியா சேரும். நெறையப் பேரைச் சேத்துப் பாத்தாத்தான் ஏதாவது புரியும். உங்களைப் பத்தியோ தம்பியைப் பத்தியோ இதுல தீர்ப்பு வராது."

காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. இப்படித்தான் சொல்வார்கள், பிறகு தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நானாகவே ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

"அப்பா எதனால இறந்தாங்க?"

"மஞ்சக்காமாலை," என்றேன். முப்பது வருஷமாக வாய் பழகிய பதில்.

"குடிச்சு," என்றான் தம்பி.

டாக்டர் நான் சொன்னதை அடித்துவிட்டு அவன் சொன்னதை எழுதினாள்.

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீசியன் அவன் கையைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதக் கழட்டணும். உள்ள பெரிய காந்தம்."

"செம்புதான், வேற ஒண்ணுமில்ல."

"நீங்க சொல்லுதிய. உள்ள என்ன சுருட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா."

தம்பி மணிக்கட்டை இன்னொரு கையால் பொத்திக்கொண்டான். டாக்டர் வந்தாள். கயிறு முக்கியமென்றால் கட்டாயம் இல்லை, இத்தோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவன் திரும்பி நடக்க ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டான். நான் எதிர்பார்த்திருந்த தாள் என்னைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது.

"பூசாரிட்ட முந்தாநாளே கேட்டுட்டம்லே," என்றேன். "ஆஸ்பத்திரி காரியம்னா அறுக்கலாமாம். வெள்ளிக்கிழம வந்து மறுபடி கட்டிக்கிடச் சொன்னாரு. சத்தியத்துக்கு ஒண்ணும் பங்கமில்லையாம்."

நான் பூசாரியைப் பார்த்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

அவன் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். முடிச்சு அவிழவில்லை. நர்ஸ் கத்தரிக்கோல் கொடுத்தாள். நான்தான் அறுத்தேன். கயிறு இருந்த இடத்தில் வெயில் படாத ஒரு வெளிறிய வளையம்.

அவனுக்கு அடுத்து நான் படுத்தேன். தலையைச் சுற்றி ஒரு கூண்டு, அதில் ஒரு சிறு கண்ணாடி, கண்ணாடியில் படங்கள். நாற்காலி. குடை. குவார்ட்டர் பாட்டில். தண்ணீர்க்குடம். நுரை பொங்கும் கிளாஸ். வெளியே யாரோ தகரக் கொட்டகையை இடித்துக்கொண்டே இருப்பதுபோலச் சத்தம். பாட்டிலைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்க்குடம் வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா குடித்த நாளெல்லாம் ஆற்றில் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், வாடை தெரியக் கூடாதென்று. ஈரத் துண்டும் ஆற்று மணமுமாக அவர் நடை ஏறும்போதே நாங்கள் இருவரும் ஒளிய இடம் தேடுவோம். தாமிரபரணித் தண்ணீரைக் கண்டு ஊரெல்லாம் குளிர்ந்துபோகிறது. எனக்கு மட்டும் அதில் சாராயம் வீசுகிறது. இதை எந்த நிறத்தில் காட்டும் அந்த இயந்திரம்? குடிக்காதவளின் மூளை என்று என்னை ஒரு பக்கம் எழுதுவார்களே, அந்தப் பக்கத்தில் இதற்கு இடம் உண்டா?

வெள்ளிக்கிழமை அவன் தனியாகக் கோவிலுக்குப் போனான். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கிட்டே போகுமுன்பே குடித்திருப்பது தெரிந்துவிட்டது.

"அப்படி ஒருத்தரும் வந்து கேக்கலன்னாரு, யக்கா."

"நான் கேக்கலலே."

"தெரியும்."

"பூசாரி சொன்ன பெறவா?"

"ஆஸ்பத்திரிலயே தெரியும். பொய் சொல்லும்போது நீ சேலைத் தலைப்ப இழுத்து இழுத்து விடுவ. சின்னதுல இருந்தே அப்படித்தான்." சிரித்தான். சிரிப்பு கோணிக்கொண்டு போயிற்று. "தெரிஞ்சுதான் கைய நீட்டுனேன். அறுக்க ஒரு ஆளு கெடைக்காதான்னு எத்தன நாளா இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

அறுத்தது நான். அறுக்கட்டும் என்றிருந்தது அவன். இதில் எவ்வளவு அப்பாவிடமிருந்து வந்தது, எவ்வளவு அந்தப் புதன்கிழமை நானே செய்தது? எந்தக் குழாயில் எத்தனை சொட்டு ரத்தம் எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள் இதை?

"வீட்ல அவட்ட சொல்லாத," என்றான். சொல்லமாட்டேன் என்றேன். இரண்டாவது பொய்க்கு ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தேன். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மைனி, கயிறு கட்டலியான்னு கேட்டா இவ்வோ பேச்ச மாத்துதாவ. நீங்களாவது சொல்லுங்க," என்றாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் போன் அடித்தது. டாக்டர். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை இடையிடையே கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அவன் கொடுத்திருந்தது என் நம்பர்.

"தம்பி எப்படியிருக்காங்க? கடைசியா எப்ப குடிச்சாங்கன்னு குறிச்சுக்கணும். நாப்பத்தாறு நாளாச்சுல்லா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அவன் எட்டிப் போனை வாங்கினான். ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் வைத்தான்.

"வெள்ளிக்கிழம குடிச்சேன், மேடம். மூணு நாள்னு போட்டுக்கிடுங்க."

அவன் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து பேனா கீறும் ஓசைகூடக் கேட்பதுபோல இருந்தது.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி," என்றாள் டாக்டர். "இதுக்காக ஒண்ணும் உங்களை விலக்க மாட்டோம். நாளைக்கு வாங்க, மருந்து பத்திப் பேசுவோம். இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இருக்காவ மேடம்," என்றான். "இப்ப வரைக்கும் இருக்காவ."