படிக்காமல் எதையும் சேர்க்காதவர்

தங்கவேல் அண்ணன் இறந்துவிட்டார் என்று அலுவலக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ ஆள் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று அவர் வீட்டுக்கே போன் செய்தேன். எடுத்தவருக்குப் பின்னால் அழுகுரல் கேட்டது. எதையும் விசாரித்த பிறகே நம்புவது அண்ணனோடு ஒரே அறையில் வேலை பார்த்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்ட குணம்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்குப் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. எங்களுடையது என்பதும் பாதி உண்மைதான். வெளிநாட்டில் யாரோ இலவசமாக வெளியிட்டதை நகலெடுத்து, மீட்டர் கணக்கை அடிக் கணக்காக்கி, ஆழம் கூடக் கூட ஏறும் ரேட்டையும் சேர்த்து வைத்திருந்தோம். மூலத்தில் திருத்தம் வரும்போதெல்லாம் எங்கள் நகலிலும் சேர்க்க வேண்டும்; எங்கள் மாற்றங்களும் அழியக் கூடாது. அது அண்ணனின் பொறுப்பு. ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். "ஊரு பேரு தெரியாதவன் குடுத்தா, மோந்து பாக்காம வாயில போட்டுக்குவீங்களா அம்மணி?" என்பார்.

ஓர் ஆயுத பூஜையன்று கணினிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. பூஜையில் வைக்காத கைபேசியிலிருந்து எங்கள் முதலாளி, மூலத்தோடு இணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். உங்கள் மாற்றங்கள் நீங்கிவிடும், பரவாயில்லையா என்று அது கேட்டதற்கும் சரி என்றிருக்கிறார். மறுநாள் நாமகிரிப்பேட்டை விவசாயி ஒருவர் கைக்கு மீட்டர் கணக்கில் பில் போனது. கணக்குப் புரியாமல் அவர் ரிக்கை நகரவிடவில்லை. அண்ணன் தம் வீட்டில் தனியாக வைத்திருந்த பிரதியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மீட்டார்.

"ஊட்டுல எதுக்குங்க காப்பி? எங்களை நம்பலீங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அண்ணன், நிமிராமல்.

போன வாரம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போகச் சொன்னேன். "வாயுங்க அம்மணி. ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார். சின்னத் திருத்தத்தையும் அரைநாள் துருவிப் பார்க்கிறவர், தம் நெஞ்சு சொன்னதை மட்டும் படிக்காமலே விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

இன்று காலை மூலத்தில் புதுத் திருத்தம் வந்திருந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். "சேர்த்தர்லாமுங்களா?" என்றார்.

"படிச்சுட்டுச் சொல்றனுங்க" என்றேன்.

போய் வாருங்கள், அண்ணா. உங்கள் நகலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.