சாப்ட்டியா என்று கேட்கும் வரை

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகள் இங்கே இறங்கும். காகிதங்கள் சரியானதும் டிரெய்லரில் ஏறிப் போகும். எந்த வண்டி உள்ளே வரலாம், எது வெளியே நிற்கவேண்டும் என்று கேட் மேசையிலிருந்து சொல்வது நான்தான். கேட் பொறுப்பாளர் ஓய்வு பெற்ற பிறகு அவர் வேலையும் என் தலையில் விழுந்தது, பதவி மட்டும் விழவில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை மீட்டிங்கில் ஒவ்வொருவரும் எழுந்து, தான் எப்படி வேலை செய்வேன், தன்னிடம் எப்படிப் பேசவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். என்னை மட்டும் முன்கூட்டியே அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கும்மா. இனிமே மெதுவா பேசறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. பதவி விஷயத்தை நான் பார்த்துக்கறேன்."

கம்ப்ளெயின்ட் எழுதியவர் டாக்குமெண்ட் பிரிவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். பூனைக்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார். ஒருநாள் ஒரு டிரைவர் சரக்கு எடுக்க வந்தார். காகிதம் அன்றைக்கு வராது என்று இவருக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல மனம் வராமல் "பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டார். டிரைவர் அதை நம்பி மத்தியானம் வரை வெயிலில் வண்டியோடு நின்றார். எனக்குத் தெரிந்ததும் ஆத்திரம் தலைக்கேறியது.

"இல்லன்னா இல்லன்னு சொல்லேன்பா! அந்த ஆளு வெயில்ல வெந்துகினு கீறாரு, நீ ஏசில குந்திகினு பாத்துக்கலாம்னு சொல்லிகினு கீற!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். பிறகு டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கை கழுவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். கோயம்புத்தூர்க்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "சாப்ட்டியா நைனா?" என்று கேட்டேன்.

அதுதான் குற்றம். திட்டியதோடு நிற்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டுத் தன்னை எல்லோர் முன்னாலும் நான் நக்கல் செய்ததாக எழுதிக் கொடுத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வலிக்கவும் செய்தது. எங்கள் வீடு திருவொற்றியூர்க் கடலோரம். என் அம்மா மீன் ஏலம் எடுத்து விற்றவள். ஒரு கூடை மீனுக்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் போடும் சண்டை கரை முழுக்கக் கேட்கும். ஏலம் முடிந்ததும் இருவரில் ஒருத்தி மற்றவளிடம் "சாப்ட்டியா?" என்பாள். அவ்வளவுதான். மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எதுவும் கிடையாது. கேட்டால் சண்டை முடிந்தது. கேட்கவில்லை என்றால் இன்னும் நடக்கிறது. அம்மாவும் என் அத்தையும் ஒரே தெருவில் வருடக்கணக்காக அப்படிக் கேட்காமலே இருந்தார்கள்.

மீட்டிங் நாள் வந்தது. டீ குடிப்பதற்கு முன் தன்னிடம் பேசவேண்டாம் என்றார் ஒருவர். எல்லோரையும் அனுசரித்துப் போவேன் என்றார் இன்னொருவர். இருவருக்கும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"நான் சத்தமாத்தான் பேசுவேன். கடல்ல போட் இன்ஜின் ஓடச்சொல்ல, அந்த சத்தத்துக்கு மேல பேசிப் பழகுன தொண்ட இது. யார்டுல வண்டி ரிவர்ஸ் வரச்சொல்ல எவனாவது குறுக்க போனா, என்னத்தானே கத்தச் சொல்றீங்க? அப்ப மட்டும் இது இனிக்குதா? யாரு தப்பு பண்ணாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். முதுவுக்குப் பின்னால பேசமாட்டேன், மெயில் போடமாட்டேன். என்கிட்டயும் அப்டியே பேசுங்க, கத்துங்க, நான் தாங்குவேன். அப்பால வந்து சாப்ட்டியான்னு கேட்டேன்னா சண்ட முடிஞ்சிட்ச்சின்னு அர்த்தம், நக்கல் இல்ல. மெதுவா பேசறேன்னு சொல்லச் சொன்னாங்க. அது என்னால ஆவாது."

ஒருவரும் கைதட்டவில்லை. சினிமாவில் எங்கள் வடசென்னைப் பேச்சைக் கேட்டால் விசிலடிக்கிறவர்கள்தான் எல்லோரும். மேனேஜர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டிங் முடிந்ததும் கோயம்புத்தூர்க்காரர் என் மேசைக்கு வந்தார். "அப்ப அன்னிக்கே சண்டை முடிஞ்சிருச்சுங்களா?"

"அன்னிக்கே முடிஞ்சிட்ச்சிபா. இத அப்பவே என்னாண்ட கேக்கறதுக்கு இன்னா?"

"பயமா இருந்துச்சுங்க," என்றார். நியாயம்தான் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் தொண்டையை மாற்றுவதாக இல்லை.

திங்கட்கிழமை மெயில் வந்தது. மாதவரம் கிளையிலிருந்து ஒருவர் கேட் பொறுப்பாளராக வருகிறாராம். எனக்கு "தகவல் பரிமாற்றத்தில் பயிற்சி தேவை" என்று போட்டிருந்தது. அதை அனுப்பிய மேனேஜர் எதிரிலிருக்கும் கண்ணாடி அறையில்தான் இருந்தார். தலையைத் தூக்கினால் என் முகம் தெரியும். தூக்கவில்லை. நானே எழுந்து போனேன்.

"இத என் மூஞ்சியப் பாத்து சொல்றதுக்கு இன்னா சார் கஷ்டம்?"

"எல்லாம் மெயில்ல விளக்கமா இருக்கும்மா."

"படிச்சிட்டேன். நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். டிரைவர்கள் இன்றும் என் ஜன்னலில்தான் தலையை நீட்டுகிறார்கள். "அக்கா, இன்னிக்கி ஆவுமா ஆவாதா?" ஆவாது, வூட்டுக்குப் போ என்றால் உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். மாதவரத்துக்காரர் வந்த வாரமே அவரோடு சண்டை போட்டுவிட்டேன், அன்று மத்தியானமே சாப்ட்டியா என்றும் கேட்டுவிட்டேன். இப்போது என் நெத்திலிக் குழம்பில் அவர் பங்கு கேட்கிறார்.

மேனேஜர் மட்டும் மத்தியானங்களில் என் மேசையைக் கடக்கும்போது நடையைக் கொஞ்சம் தளர்த்துகிறார். மீட்டிங்கில் நான் சொன்னதை அவரும்தானே கேட்டார். நான் டப்பாவைத் திறந்து வைத்து, சாப்ட்டியா என்று கோயம்புத்தூர்க்காரரைக் கேட்கிறேன், வாட்ச்மேனைக் கேட்கிறேன். மேனேஜரை இதுவரை கேட்கவில்லை.