அவர்கள் எடுத்து வைத்திருந்த கிண்ணம்

எழுபத்தொரு வயதில் நான் ஒரு ஜப்பானியச் சமையற்காரர் மீது பொறாமைப்பட்டேன். அந்தப் பொறாமையில் இரண்டு பொய்கள் சொன்னேன். ஒன்று அவரிடம், மற்றது என் மனைவியிடம்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹோர்சன்ஸ் நகரத்தின் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருடைய சாப்பாட்டுக்கடை இருக்கிறது. பதினாறு பேர் இருந்து சாப்பிடலாம். மீன் வெட்டுவதும் சுஷி உருட்டுவதும் அவர். சோறும் சூப்பும் அவருடைய மனைவி. மேசைகளுக்குக் கொண்டுவந்து வைப்பது மகள். என்னுடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் மகள் ரண்டர்ஸிலிருந்து வந்து எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பச்சை மீனா என்று நான் முகத்தைச் சுளித்தேன். என் மனைவி மன்னார்க் கடற்கரையில் பிறந்தவள். அவள் சுளிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, சமையற்காரர் நின்று வேலை செய்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் ஒரு கானாங்கெளுத்தியின் மெல்லிய தோலை உரித்துக்கொண்டிருந்தார். எத்தனை மணித்தியாலம் உப்பில் வைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவளுடைய டெனிஸ் இக்காஸ்ட் தையல் ஆலையில் பழகியது. சொல் இருக்கும், வசனம் இருக்காது. அவருடைய டெனிஸும் அப்படித்தான். அவர் விரல்களைக் காட்டினார். அவள் தன் விரல்களைக் காட்டி, எங்கள் ஊரில் மணித்தியாலம் இல்லை, நாள் என்றாள். அவர் சிரித்தார். நான் படித்தவன், ஊரில் கணிதம் படிப்பித்தவன், டாக்டரிடமும் கொம்யூன் என்கிற நகரசபையிலும் நாற்பது வருடமாக அவளுக்கு வாய் நான்தான். எழுந்து போய் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய மனைவிக்குக் கையில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. கிழமையில் மூன்று பின்னேரம் வந்து மீன் துப்புரவாக்கித் தர முடியுமா என்று என் மனைவியைக் கேட்டார்கள். ஒரு மாதம்தானே என்று நானும் போகச் சொன்னேன். கை சுகமான பிறகும் அவர்கள் அவளை விடவில்லை. அவளும் நிற்கவில்லை.

அந்தக் கடைக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் கடை திறப்பதற்கு முன், மூன்றரை மணிக்கு, எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். வாடிக்கையாளருக்கு வைக்கிற சாப்பாடு அல்ல, வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சோற்றுக் கிண்ணம். ஒருவருடையதில் மற்றவர் சாப்பிடுவதில்லை. இரண்டாவது மாதம் அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்தார்கள். வெளிர்நீலம், விளிம்பில் ஒரு மண்ணிறக் கோடு. வியாழக்கிழமைகளில் சமைப்பது அவளுடைய முறை.

முதல் வியாழன் அவள் தேங்காய்ப்பாலில் மீன் போட்டுச் சொதி வைத்தாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே எனக்குச் சொன்னாள். சமையற்காரர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாராம். பிறகு கை இரண்டையும் சேர்த்து, தலையைக் குனிந்து, அவளைப் பார்த்து ஏதோ சொன்னாராம். அவருடைய மகள்தான் டெனிஸில் விளங்கப்படுத்தினாளாம்: இந்தச் சாப்பாட்டுக்காக நீங்கள் ஓடியாடிக் கஷ்டப்பட்டீர்கள், அதற்கு நன்றி.

"தன்ர மனிசிக்கும் ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் சொல்லுவாராம்," என்றாள்.

"அது அவையின்ர பழக்கம். யோசிச்சுச் சொல்லுறேல்லை," என்றேன் நான்.

அவள் குசினிக்குள் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டெனிஸ்காரரும் சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்கு 'தக் ஃபோ மத்' என்று நன்றி சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் பாலர் பள்ளியில் அதைப் பழகிக்கொண்டு வந்து வீட்டிலும் தாயைப் பார்த்துச் சொன்னார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. நான்தான் நிற்பாட்டினேன். அம்மா என்ன பிறத்தி ஆளோ, நன்றி சொல்லுறதுக்கு என்று கேட்டேன். நன்றி சொன்னால் உறவு தூரமாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். எங்கள் ஆட்களில் பலரும் நம்பினார்கள். சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வேன். அது போதும் என்று நினைத்தேன். பிள்ளைகள் சொல்வதை விட்டுவிட்டார்கள். தாயின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைகள் எனக்குப் பிடிக்காமல் போயின. புதன் பின்னேரமே அவள் தேங்காய்ப்பால் ரின்களை எடுத்துப் பையில் வைப்பாள். கறிவேப்பிலைக்காக இக்காஸ்டில் இருக்கிற தன் சிநேகிதிக்கு ரெலிபோன் எடுப்பாள். எனக்கு வைக்கிற குழம்புக்கு இவ்வளவு ஆயத்தம் நடந்ததாக நினைவில்லை. நடந்திருக்கும். நான் கவனித்திருக்க மாட்டேன். அவள் குசினியில் எதையோ முணுமுணுத்துப் பாடினால், அது அவருக்கான சமையல் என்று எண்ணிக்கொள்வேன். அவர்களுக்குள் வேறு ஏதும் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். என்னுடைய வீட்டில் நாற்பத்திரண்டு வருடம் கிடந்த ஒன்றை வேறொருவர் ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்துவிட்டாரே என்பதுதான் என் நோவு.

ஒரு வியாழன், மழை வரும்போல இருந்தது, குடையைச் சாட்டாக வைத்து அவளைக் கூட்டிவரப் போனேன். சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். நான்கு பேரும் மேசையில் இருந்தார்கள். என் மனைவி இரண்டு கைகளையும் விரித்து, ஒரு பெரிய மீனோ வலையோ, எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். அவர் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் மேசையைத் தட்டினார். அந்தக் கதை எனக்குத் தெரியாது. குடையை அவளிடம் கொடுக்காமலே திரும்பி நடந்தேன்.

அந்த மாசியில் அவளுக்குக் கடும் காய்ச்சல். இந்தக் கிழமை வரமாட்டேன் என்று ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ என்றாள். நான் எடுத்தேன். அவர்களுடைய மகள்தான் பேசினாள். என் நல்ல டெனிஸில் நிதானமாகச் சொன்னேன்: என் மனைவிக்கு இந்த வேலை பாரமாக இருக்கிறது, உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறா, இனி வரமாட்டா, தயவுசெய்து கேட்டு அவவைச் சங்கடப்படுத்த வேண்டாம்.  அப்பாவுக்குக் கவலையாக இருக்கும் என்றது அந்தப் பிள்ளை.

காய்ச்சல் விட்டதும் மனைவியிடம் மற்றப் பொய்யைச் சொன்னேன். அவர்களுக்கு இனி ஆள் தேவை இல்லையாம்.

"நான் என்னவும் பிழை விட்டனானோ?" என்று கேட்டாள்.

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

ஒன்றும் சொல்லவில்லை என்பது பிழை விட்டாய் என்று சொல்வதைவிட மோசமானது. அது எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு அவள் கடைத்தெருவுக்குப் போவதென்றால் சுற்றுப் பாதையால் போனாள். சொதி வைப்பதையும் விட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றரை வருடம் அப்படிப் போனது. எனக்கு வேண்டியது திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்த முதல் சில கிழமைகள் சந்தோசமாகக்கூட இருந்தேன். அதை மறைக்கக் கூடாது.

பிறகு தாயின் பிறந்தநாளுக்கு எங்கள் மகள் மேசை பதிவு செய்தாள். அதே கடை. அம்மாவுக்குப் பிடித்த இடம் என்று அவள் நினைத்திருந்தாள். மனைவி வேண்டாம் என்றாள், மகள் காரணம் கேட்டாள், இவள் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. போனோம்.

சமையற்காரர் எங்களைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது உடம்பு எப்படி என்று அவர் அவளிடம் கேட்டார். வேலை பாரமென்று உங்கள் கணவர் சொன்னார், எங்களுக்கு விளங்கவில்லை, வயது போனவரை அவ்வளவு வேலை வாங்கிவிட்டோமே என்று நானும் மனைவியும் வெட்கப்பட்டோம் என்றார். உடைந்த டெனிஸ்தான். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. பிறகு உள்ளே போய் அந்த வெளிர்நீலக் கிண்ணத்தை எடுத்துவந்து அவளுக்கு முன்னால் வைத்தார். வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மகள் கைகழுவப் போகும்வரை காத்திருந்தாள்.

"நீங்களோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"பொறாமை."

அவள் கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டினாள். "உங்களுக்கு உப்புக் குறைஞ்சால் மட்டும்தான் வாய் வரும்," என்றாள். "ஒண்டரை வருசம் நான் என்ர சமையலைத்தான் குறை நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்குள் மகள் திரும்பி வந்துவிட்டாள்.  அன்று சாப்பிட்டது என்னவென்று எனக்கு ஞாபகம் இல்லை. மனைவியோ ஒரு சோறு மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். முடிந்ததும் கை சேர்த்து, அவர்கள் பாஷையிலேயே சமையற்காரருக்கு அந்த நன்றி வசனத்தைச் சொன்னாள். அவள் அதைப் பாடமாக்கியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

வேலைக்கு அவளைத் திரும்ப எடுக்க அவர்களால் முடியவில்லை. அவள் போன பிறகு சொந்தத்தில் ஒருவரை எடுத்துவிட்டார்கள், அவரை நிற்பாட்ட முடியாது. அது என்னால் போனது, இனி வராது. ஆனால் வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வந்து எங்களோடு சாப்பிட வேண்டும் என்று சொன்னார்கள். அவள் போகிறாள். சில நாள் சொதியும் கொண்டுபோகிறாள். என்னை அவர்கள் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்த நேரம் நான் ஜன்னலோரம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையை ஒப்புக்கொண்டதால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இப்போதும் அவள் திரும்பி வந்து கோட்டைக் கழற்றிக் கொழுவும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தால், எனக்குள் அதே இடம் சுடுகிறது.

ஒரு வியாழன் இரவுச் சாப்பாடு முடிந்து அவள் கோப்பைகளை எடுக்கும்போது, பல நாள் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"சாப்பாடு நல்லாய் இருந்தது. உமக்குக் கஷ்டம்."

அவள் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"அது நேற்றைய கறி. சூடாக்கினது மட்டும்தான் நான்," என்றாள்.

தெரியும் என்றேன். அவள் மிச்சக் கறியைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, நாளைக்கு என்ன வைக்கவேண்டும் என்று கேட்டாள். சொதி என்று சொல்ல வாய் வந்தது. அதைக் கேட்க எனக்கு இன்னும் உரிமை இல்லை. உமக்கு விருப்பமானதை வையும் என்றேன்.