ஏணி வைக்க ஓர் இடம்

பச்சமுத்து ஓய்வுபெற்றுப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் கருணாபுரத்தில் அவர் வீட்டுத் தெருவில் எவனாவது சைக்கிள் மணியைக் கொஞ்சம் நீட்டி அடித்துவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர் பாதி எழுந்துவிடுவார். கால் தானாகப் பூட்ஸைத் தேடும். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு உட்காருவார். மனைவி விஜயலட்சுமி கவனிக்காமல் இருப்பாரா? "உக்காந்து துன்னுங்க. உங்கள உட்டுட்டு வண்டி போயி எவ்ளோ நாளாவுது" என்பார்.

தீயணைப்பு நிலையத்தில் கழித்த அந்தக் காலத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். ஒரே ஒரு சிவப்பு வண்டி, ஒரே ஒரு கறுப்புப் போன், ஒரு பித்தளை மணி. எட்டுப் பேருக்கு ஒரே பானையில் சோறு. டிரைவர் தங்கதுரை கருவாட்டுக் குழம்பு வைத்தால் அன்றைக்கென்று பார்த்து மணி அடிக்கும். திரும்பி வந்து, கரி பூசிய முகத்தோடு ஆறிய குழம்பை வழித்துத் தின்பார்கள். அந்த ருசி பிறகு எந்தக் கல்யாண விருந்திலும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை விஜயலட்சுமியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தீயாக இருந்தாலும், தண்ணீரைத் திறக்கும் முன் எரிகிற வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காற்று எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், அடுத்து எது பிடிக்கும் என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். ஆனால் வீடு எரிகிறவனுக்கு ஒரு நிமிஷம் சும்மாவா? "வூடு எரியுது, இந்த ஆளு கோயில் சுத்துறான் பாரு" என்று திட்டு வாங்காத ஊர் ரிஷிவந்தியம் வட்டாரத்தில் இல்லை.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே தள்ளியிருந்தார்கள். விழுப்புரத்துக்குக் கூட்டத்துக்குப் போன நிலைய அலுவலர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பொறுப்பு, அவருக்கு அடுத்த நிலையில் லீடிங் ஃபயர்மேனாக இருந்த பச்சமுத்துவின் தலையில் விழுந்தது. அப்போது வயது முப்பத்திரண்டு. உத்தரவு வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை.

நாலாம் நாள் மதியம் போன் வந்தது. ரிஷிவந்தியம் போகிற வழியில் ஒரு சிற்றூர், வீடு எரிகிறது. வழியில் கிடந்த இரண்டு மரங்களை, வெட்டிப் போட்ட இளைஞர்களே புரட்டி வழிவிட்டார்கள். ஊர் முகப்பில் கிடந்த மூன்றாவது மரம் அசைந்துகொடுக்கவில்லை. வண்டி அங்கேயே நின்றது. வீடோ இருநூறு மீட்டர் தள்ளி. இருந்த ஹோஸ் குழாய் அத்தனையையும் ஒன்றோடு ஒன்று கோத்ததில் ஒரே ஒரு குழாய்தான் போய்ச் சேர்ந்தது. தொட்டித் தண்ணீரோ கால் மணி நேரத்துக்கு வந்தால் அதிகம்.

எரிந்தது ஓர் ஓட்டு வீடு. பக்கத்துச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ முன்கட்டுக்குத் தாவியிருந்தது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று வீசியது. அந்தக் காற்று போகிற திசையில், காய்ந்த கரும்புச் சோகை வேய்ந்த எட்டுக் கூரை வீடுகள் வரிசையாக நின்றன. சோகைக்குப் பொறி பட்டால் என்ன ஆகும் என்று கரும்பு விளையும் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டார் பச்சமுத்து.

வீட்டுக்காரி காசியம்மாள் முன்னால் வந்தாள். "யாரும் இல்லீங்க. எல்லாரும் வெளிய வந்துட்டோம்."

"யாரும் இல்லீங்க" என்றது கூட்டமும். இவரோ ஒரு சுற்றுச் சுற்றிவரக் கிளம்பிவிட்டார். பின்பக்கக் கதவில் வெளியிலிருந்து பூட்டுத் தொங்கியது. பட்டப்பகலில், ஆட்கள் புழங்கும் வீட்டில், இதை யார் பூட்டினார்கள்? யோசிக்க நேரமில்லை. முன்பக்கம் வந்து, தொழிலில் எது முறையோ அந்த உத்தரவைக் கொடுத்தார். வெறும் வீடு போனால் போகட்டும், கூரை வரிசையை நனைத்துக் காப்பாற்று.

ஹோஸ் பிடித்திருந்த அய்யனார் தண்ணீரைக் கூரைகள் பக்கம் அடித்த அந்தக் கணம், காசியம்மாள் குழாய் கசிந்த சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டுமுட்டுச் சாமான் எரிந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஓட்டின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள்.

பச்சமுத்துவுக்குப் பின்கதவுப் பூட்டு நினைவுக்கு வந்தது. மரம் வெட்டியவர்களைத் தேடிப் போலீஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த வாரம் அது. உள்ளே ஆள் இல்லை என்று காட்டுவதற்குத்தான் அந்தப் பூட்டு. தன் உடம்பில் இருப்பதும் காக்கி. காக்கிக்குக் காக்கி சொல்லிவிடும் என்று ஊரே பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது அத்தனையும் ஊகம்தானே? தண்ணீரைத் திருப்பி, உள்ளே ஒருவரும் இல்லை என்றால், எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும்.

சட்டையைக் கழற்றி எறிந்தார். வெறும் பனியனோடு அவள் எதிரே குந்தினார்.

"அக்கா, நான் போலீஸ் இல்ல. யாருன்னு கேக்கல, பேரு வாணாம். ஏணிய எங்க வெக்கணும், அத மட்டும் காட்டுங்க."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கை மெதுவாக எழுந்து, பின்கட்டு ஓட்டைக் காட்டியது. "பரண் மேல. சாவி கொட்டகை எரவானத்துல சொருவி இருந்துச்சிங்க" என்றாள். கொட்டகை எப்போதோ சாம்பலாகியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போனாலும் புகைக்குள் பரணைத் தேட நேரமில்லை, ஓட்டைப் பெயர்ப்பதுதான் குறுக்கு வழி.

"அய்யனாரு, தண்ணிய வூட்டு மேல திருப்பு."

"அண்ணே, இப்டி திருப்புனா அந்த வரிசை போயிடும்ணே."

அது பச்சமுத்துவுக்கும் தெரியும். அந்த வரிசையில், எரிகிற வீட்டை ஒட்டி முதலில் இருந்தது தைலம்மாள் என்கிற கூலிக்காரப் பெண்ணின் குடிசை. அதைப் பிரித்து இடைவெளி விட்டால் மற்ற ஏழும் பிழைக்கும். அவளிடம் போய் நின்றார். குடிசையைப் பிரிக்க விடச் சொல்லிக் கேட்டார்.

"எரியாத வூட்ட இன்னாத்துக்குங்க பிரிக்கணும்?" என்றாள் தைலம்மாள். கேட்டுவிட்டுச் சேற்றில் கிடந்த காசியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். தன் கூரையிலிருந்து முதல் பிடிச் சோகையைத் தானே பிடுங்கிப் போட்டு, "இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க, இழுங்கடா" என்றாள். புளியமரம் வெட்டிய கோடாலிகள் பத்து நிமிஷத்தில் அந்தக் குடிசையைத் தரைமட்டமாக்கின.

ஹோஸை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு அய்யனார் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏணியில் ஏறினான். பச்சமுத்துவுக்கு ஏற வேண்டும் போலக் கை துறுதுறுத்தது. ஆனால் பொறுப்பில் இருப்பவன் உள்ளே போய்விட்டால், வெளியே காற்றையும் தண்ணீரையும் யார் பார்ப்பது? கீழேயே நின்றார். வாழ்க்கையில் அவர் செய்த ஆகக் கஷ்டமான வேலை அப்படி நின்றதுதான். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன. புகை பீறிட்டது. அய்யனார் இடுப்பளவு உள்ளே இறங்கி மறைந்தான். பம்பின் பக்கமிருந்து "தண்ணி முடியுதுண்ணே" என்று தங்கதுரை கத்தினான்.

அப்புறம் துவாரத்தின் வழியே ஒரு தலை வெளியே வந்தது. அய்யனாருடையது அல்ல. நினைவு தப்பிய ஓர் ஆண். கீழே கிடத்தியதும் இருமினான். காசியம்மாளின் புருஷன் சின்னதுரை என்பது பிறகுதான் தெரியும். அப்போது யாரும் பெயரைச் சொல்லவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டு, அவனைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டார்கள்.

சற்று நேரம் கழித்துப் போலீஸ்காரர்கள் நடந்தே வந்தார்கள். "உள்ள ஆள் எவனாச்சும் இருந்தானா?"

"யாரும் இல்லீங்க" என்றார் பச்சமுத்து. அதையே அறிக்கையிலும் எழுதினார்.

அடுத்த விடுமுறை நாளில் பச்சமுத்து, அய்யனார், தங்கதுரை மூவரும் ஆளுக்கு ஒரு கட்டுச் சோகையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார்கள். தைலம்மாளின் குடிசைக்கு ஊரே கூரை வேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அங்கே குடித்த கூழை நினைத்தால் இப்போதும் அவர் கண் பனிக்கும்.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. காகிதத்துக்கு என்ன தெரியும்? வெறும் வீட்டுக்குத் தண்ணீரைத் திருப்பியது ஏன்? எரியாத குடிசையைப் பிரிக்கச் சொன்னது ஏன்? விளக்கம் தரவும்.

"உண்மைய எழுதிடுங்கண்ணே. ஒரு உசுர காப்பாத்திக்கீறோம், மெடல் குடுப்பாங்க" என்றான் அய்யனார். சின்னதுரை மேல் மரம் வெட்டிய வழக்கு அப்படியே இருந்தது. அவன் கரியாலூர்ப் பக்கம் மலையில் கூலி வேலை செய்து ஒளிந்திருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. உண்மையை எழுதினால் அவன் சிறைக்குப் போவான். பரணைக் காட்டிய அந்தக் கையைப் பிடித்து முறுக்கியது போலாகும். பச்சமுத்து மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டே வரி எழுதினார். 'உள்ளே ஆள் இருப்பதாக எண்ணினேன். என் கணிப்பு தவறு.' பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போயிற்று. அய்யனார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஓய்வுபெற்ற நாளில், மாலையும் சால்வையும் போட்டு முடிந்த பிறகு, அலுவலகத்துப் பெண் பாரதி அவருடைய பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "சர்வீஸ் பூரா ஒரே ஒரு தப்புதான் சார் கீது. எண்பத்தேழுல" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கினார். மெமோவோடு சேர்த்துத் தைத்திருந்த காகிதத்தில் அவருடைய அந்தக் காலத்துக் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, நீல மசி மங்கிப் போய் இருந்தது. அவர் அந்த இரண்டு வரியையும் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பாரதிக்குச் சங்கடமாகிவிட்டது. "உடுங்க சார். யாருக்குத்தான் தப்பு நடக்காது" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் பச்சமுத்து.