வெள்ளை பூசத் தெரியுமா?

எழுபதுகளின் தொடக்கத்தில், சிட்னியில் படித்துக்கொண்டே, ஒரு நாடக அரங்கில் பின்னேரங்களில் நடிகர்களின் உடுப்புகளை அயன் பெட்டியால் மினுக்கும் வேலை பார்த்தேன். அங்கே பழங்குடி நடிகர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏழெட்டு நாடகங்களில் ஈட்டியோடு நின்றிருக்கிறார். ஒரு வசனம்கூடப் பேசியதில்லை.

அந்த வருடம்தான் அவருக்குப் பேசும் வேடம் கிடைத்தது. மூன்று கிழமை ஒத்திகைக்குப் பிறகு இயக்குநர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உன்ர குரலைக் கேக்க ஆரும் வரமாட்டினம்." வேடம் ஒரு வெள்ளை நடிகருக்குப் போனது. அவரைப் பழங்குடியாகக் காட்டப் பூசச் சாயம் கலக்க வேண்டும். இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"கையை நீட்டு."

நீட்டினேன். என் கறுப்புத் தோலைப் பார்த்துப் பார்த்துக் கலந்தார்கள். பழங்குடி நடிகர் கதவடியில் நின்று அதைப் பார்த்துவிட்டு வெளியேறினார். இயக்குநரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

இரண்டு வருடம் கழித்து, பழங்குடியினர் வாழும் ரெட்ஃபெர்ன் பகுதி மண்டபமொன்றில் அந்த நடிகர் சொந்தமாக நாடகம் இயக்குவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதை விடு. முகத்துக்கு வெள்ளை பூசத் தெரியுமா?" என்றார்.

ஒத்திகையில்தான் விளங்கியது. அவர் நடிக்கப்போவது அந்த இயக்குநராக. அதே கழுத்துச் சால்வை, அதே இருமல், அதே வார்த்தைகள்.

அழைப்பிதழை நானே இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தாள் வந்தார். முன்வரிசை நடுவில், நடிகரின் பருத்த அன்ரிமார் இருவருக்கிடையில் இருத்தினேன். எழும்பிப் போக வழியில்லை. "உன்ர குரலைக் கேக்க ஆரும் வரமாட்டினம்" என்று மேடையில் ஒலித்தபோது மண்டபமே வெடித்துச் சிரித்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை. அந்தாளின் காதுகள் சிவப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு ருசியான ஒன்றை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

முடிந்ததும் அந்தாள் நடிகரிடம் கை குலுக்க வந்தார். "என்ர அடுத்த நாடகத்தில உனக்குப் பெரிய வேடம் தாறன்."

"எனக்கு நேரமில்லை. நீங்கள் வேணுமெண்டால் இங்க வாங்கோ. வசனமில்லாத வேடமொண்டு கிடக்கு."

நீட்டிய கையை அந்தாளே மடக்கிக்கொண்டார்.

நாடகம் மெல்பேர்னுக்கும் போனது. நானும் பல்கலைக்கழகச் சோதனை ஒன்றைத் தவறவிட்டுக் கூடப் போனேன். ரயிலில் கேட்டேன்: "கோபம் தீர்ந்திட்டுதோ?"

"இல்லை. அடுத்த நாடகத்தில அவனை இன்னும் கனநேரம் பேச விடப்போறன்."

கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒப்பனைக்காரியை அந்தாள் விரல் சொடுக்கிக் கூப்பிடும் விதத்தை நான் செய்து காட்டினேன்.